எண்ணூற்றுப் பன்னிரண்டு வெளிநாட்டுப் பயணங்கள்

— வுவாலா! இந்தக் கேள்விக்கு 'நெயான்'னு மிசின்ல அடிச்சிட்டேன். அடுத்ததுக்குப் போவோமா, மதாம் அஞ்சலாட்சி?

— அப்பிடின்னா என்னாங்க முசியே?

— ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். பிரெஞ்சு எல்லையத் தாண்டி வெளிதேசம் போனது உண்டான்னு கேக்கறான். நீ சேதராப்பட்டுல பொறந்த, சேதராப்பட்டுல வளந்த, முத்தியால்பேட்டையில வாக்கப்பட்ட. எங்க போயிருக்கப் போற? நெயான்.

— போயிருக்கேனே.

— எங்க?

— இந்தியாவுக்கு.

— மோன் தியே! இப்ப எங்கம்மா ஒக்காந்துக்கினு இருக்க? ரெண்டு மாசத்துக்கு முன்னால பிரெஞ்சுக்காரன் இந்த ஊர முழுசா எழுதிக் குடுத்துட்டான், இதுவும் இந்தியாதான்.

— இப்பத்த கதைய யாரு சொன்னா? கோடு இருந்தப்ப. எங்க ஊரு ஏரிக்கர இருக்குதுல்ல, அதுக்கு இந்தாண்ட பிரெஞ்சுக்காரன், அந்தாண்ட இந்தியா. நடுவுல சாவடி. நான் தெனம் காலையில அந்தாண்ட போயி புல்லறுத்துக்கினு வருவேன்.

— ஏரிக்கரைக்குப் போயிட்டு வந்தது வெளிதேசப் பயணமா?

— துப்பாக்கி புடிச்ச சிப்பாயி நின்னு கட்டப் பிரிச்சுப் பாத்தா, அது வெளிதேசம் இல்லாம என்னாவாம்?

— அதுவும் வாஸ்தவந்தான். நானே கடலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டுத் திரும்பறப்ப, கூஜாத் தண்ணிய மோந்து பாத்துட்டுத்தான் வுட்டாங்க. என் ஆயுசுல நான் பாத்த ஒரே வெளிதேசம் அந்தக் கடலூருதான். சரி, இதெல்லாம் யாருக்குத் தெரியப் போவுது? நெயான்னே இருக்கட்டும். முப்பது வருசமா மேரியில, அதான் நகரசபை ஆபீசுல, குமாஸ்தா வேல பாத்தவன் சொல்றேன், கேளு. பப்பியேயில, அதான் காயிதத்துல, எவ்ளோ கம்மியா எழுதறமோ அவ்ளோ நல்லது.

— நீங்க கம்மியா எழுதலாங்க. எங்க வூட்டுக்காரரு ஏற்கெனவே எழுதிப்புட்டாரே.

— என்னாத்த எழுதினான்?

— அவரு அங்க பிரெஞ்சு தேசத்துல, தூலோன்ல குடுத்த காயிதத்தோட நகல அனுப்பியிருக்காரு. இந்தாங்க, நீங்களே படிங்க.

— குடு, கண்ணாடியப் போட்டுக்கறேன். 'கண்ணையன், முன்னாள் சிப்பாய், இப்போது துறைமுகத்தில் வேலை.' சரி. 'மனைவி அஞ்சலாட்சி, மகள் சின்னப்பாப்பா, இருவரையும் வரவழைத்துக்கொள்ள அனுமதி வேண்டி.' சரி. 'மனைவி எல்லையைத் தாண்டிச் சென்றதுண்டா? உண்டு. எண்ணூத்திப் பன்னண்டு தடவை.' …அட கடவுளே!

— அதான் சொல்றேன்.

— உம் புருசன் அரிச்சந்திரனுக்கு அண்ணனா பொறந்தவனா? கப்பல் கேப்டனே இத்தினி தடவ வெளிதேசம் போயிருக்க மாட்டானே! நல்ல வேளம்மா. நான் பாட்டுக்கு நெயான்னு குடுத்திருந்தா என்னா ஆவும் தெரியுமா? அந்தக் காயிதத்தையும் இந்தக் காயிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்பாங்க. அவன் எண்ணூறுங்கறான், இவ ஒண்ணுமில்லங்கறா, யாரோ பொய் சொல்றாங்கன்னு ரெண்டையும் தூக்கிக் கடாசிடுவாங்க. மறுபடியும் எழுதிப் போட்டா இன்னொரு வருசம்.

— ஐயோ, அப்பிடிச் சொல்லாதீங்க. சனிக்கெழமைக்குள்ள குடுத்தாத்தான் தை மாசக் கப்பலு. ஏற்கெனவே நாலு வருசம் ஆயிப்போச்சு முசியே. எம் பொண்ணு அப்பன போட்டோவுலதான் பாத்திருக்கா. தபால்காரரு சைக்கிளு மணியடிச்சா 'அப்பா வந்துட்டாரு'ன்னு ஓடறா. காயிதந்தான் அப்பான்னு நெனச்சுக்கினு இருக்கா.

— அழாதம்மா. நான் இருக்கேன்ல? முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்க முடியாது. மறைக்காம இலைலயே வச்சிருவோம். எண்ணூத்திப் பன்னண்டையும் எழுதிடறேன். ஆனா, தேதி கேப்பான். அத்தினி தேதிக்கு எங்க போறது?

— இதுல இருக்குதுங்க.

— என்னா அது, மஞ்சத் துணியில? சாமி படமா?

— நோட்டு. தபால்ல பதிவு பண்ணி அனுப்பியிருக்காரு. சாவடியில நின்னப்ப அவரா சொந்தமா எழுதி வச்சது.

— ஓ! அந்தத் துப்பாக்கி புடிச்ச சிப்பாயி உம் புருசன்தானா? இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா?

— நீங்க கேக்கல.

— குடு, குடு. 'மூணு மார்ச் அம்பத்தி ரெண்டு. அஞ்சலாட்சி. ஆறு இருவதுக்குப் போனா. ஏழரைக்கு வந்தா. புல்லுக்கட்டு. சோதனை: ஒண்ணும் இல்ல.' பலே. 'நாலு மார்ச். ஆறு இருவதுக்குப் போனா. புல்லுக்கட்டு. ஒண்ணும் இல்ல.' என்னா ஒரு கடமை! 'அஞ்சு மார்ச். வரல.' 'ஆறு மார்ச். வரல.' 'ஏழு மார்ச். வரல. ஏன்?'

— எதுக்கு சிரிக்கறீங்க?

— சாவடி நோட்டுல 'ஏன்'னு எழுதற சிப்பாயி எந்த தேசத்துலம்மா இருக்கான்?

— அப்ப எனக்கு அம்ம போட்டிருந்துச்சுங்க.

— 'இருவது மார்ச். வந்துட்டா.' அடியில ரெண்டு கோடு வேற போட்டிருக்கான்! சரி, மத்தவங்க பேரு ஒண்ணக் கூடக் காணோமே. உங்க ஊர்ல வேற யாரும் அந்தாண்ட போவலியா?

— ஊரே போவும். மத்தவங்களுக்கெல்லாம் ஓரத்துல குச்சிக் குச்சியா கோடு கிழிச்சிருக்காரு பாருங்க.

— ஆமா! வேலி நட்டாப்ல வரிசையா நிக்குது. சரி, மூணு வருசம் தெனம் நிறுத்தி வச்சானே, என்னாதான் பேசுவான்?

— 'கட்ட எறக்கு.' 'கட்டத் தூக்கு.'

— அவ்ளோதானா?

— ஒரு தபா, மழ நாளு, 'வழுக்கும்'னாரு.

— பெரிய பேச்சுக்காரன்தான். அப்புறம் எப்பிடிக் கல்யாணம்?

— அம்பத்தி நாலுல அந்த எல்லக் கோட்ட எடுத்துட்டாங்கல்ல. மறு மாசம் உடுப்பெல்லாம் போட்டுக்கினு எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னாரு. எங்கப்பா, யாரோ நாம கள்ளக்கடத்தலு பண்றதா கோள் மூட்டிட்டாங்கன்னு பயந்து பின்பக்கமா ஓடியே போயிட்டாரு. எங்கம்மாதான் பேசி முடிச்சுது.

— பாவம் கண்ணையன். நீ பாட்டுக்குப் புல்லு உண்டு அருவா உண்டுன்னு போற. அவன் உனக்காக வெடியக்காலையிலேந்து வழி பாத்துக்கினு நிக்கறான். உனக்கு அது தெரியவே தெரியாதா?

— நான் குனிஞ்ச தல நிமுராம போவேங்க.

— அதான பாத்தேன். சரி, அடிக்கறேன். 'பயணம்: எண்ணூத்திப் பன்னண்டு. தேதிப் பட்டியல் தனியே.' ஆனா ஒரு சந்தேகம். இது அவன் சாவடியில நின்ன நாளு மட்டுந்தான. அவன் லீவுல இருந்தப்ப நீ போனதயும் சேத்தா ஆயிரத்தத் தாண்டுமே?

— அன்னிக்கெல்லாம் நான் போவல.

— ஏம்மா?

— காலு வலிக்கும்.

— சரியா அவன் லீவன்னிக்கா?

— அதெல்லாம் அந்த பாரத்துல கேட்டிருக்குதா? மேல அடிங்க முசியே, நேரமாவுது.

— கோவிச்சுக்காத. 'தங்கியிருந்த காலம்: ஒவ்வொரு தடவையும் ஒரு மணி பத்து நிமிஷம். வாகனம்: கால்நடை. கொண்டு போன சாமான்: அருவா ஒண்ணு, கயிறு ஒண்ணு.' பிரமாதம். இத்தினி சுத்தமான பிரயாணக் கணக்க இந்த ஊர்ல எவனும் குடுத்ததில்ல. சைகோன்லேந்து பொட்டி பொட்டியா வந்தவங்களே வருசத்த மறந்துட்டு எங்கிட்ட வந்து முழிப்பாங்க. 'பயணத்தின் நோக்கம்'… அதயும் உம் புருசனே நோட்டு மொதப் பக்கத்துல எழுதியிருக்கான். 'மாட்டுக்குப் புல்.' வுவாலா! அடிச்சாச்சு. இங்க ஒரு கையெழுத்துப் போடு, முடிஞ்சிது.

— இதுல என்னா எழுதியிருக்குதுங்க, கையெழுத்துக்கு மேல?

— மேல சொன்னது அத்தனையும் சத்தியம், ஒண்ணையும் மறைக்கலன்னு.

— சத்தியமா?

— ஆமா, சத்தியந்தான். என்னாம்மா, பேனாவ கீழ வச்சிட்ட?

— ஒண்ணு மட்டும் சரியில்லீங்க.

— எது? தேதியா?

— தேதியெல்லாம் சரி. அந்தக் கடசியா அடிச்சது.

— நோக்கமா? உம் புருசன் எழுதினதத்தானே அப்பிடியே அடிச்சேன். அவன் காயிதத்துலயும் அதான இருக்குது!

— அவரு அப்பிடித்தான் நெனச்சுக்கினு இருக்காரு. கல்யாணம் ஆயி ஏழு வருசமாச்சு, இன்னிக்கு வரைக்கும் நான் வாயத் தொறக்கல. வெக்கமா இருந்துச்சு. ஆனா எம் பொண்ணு அப்பன்கிட்ட போயிச் சேர்ற காயிதம் முசியே. இதுல போயி எப்பிடிப் பொய்ச் சத்தியம் பண்றது?

— புல்லறுத்தது பொய்யா?

— ஐயோ, அறுத்தேங்க. கை காப்புக் காச்சிப்போற அளவுக்கு அறுத்தேன். கொண்டாந்து எதுத்த வூட்டுக்காரங்க கொட்டாயில போட்டுருவேன்.

— ஏன், உங்க வூட்டு மாட்டுக்கு என்னா கேடு?

— எங்க வூட்ல ஏதுங்க மாடு?