லீலா வெட்டிய பிஸ்கோத்து

1933 டிசம்பர் 23, சனிக்கிழமை.

இன்று ஒரு பிழை செய்தேன். பிஸ்கோத்து மாவில் சோடா உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். கருப்பட்டிப் பாகு சூடாக இருக்கும்போது ஒரு தடவை, மாவைப் பிசையும்போது இன்னொரு தடவை. முதல் ஈடு உப்பி வெடித்து, வாயில் வைத்தால் சவர்க்காரம் போல் இருந்தது. கோழிக்குப் போட்டேன். கோழியும் இரண்டு கொத்து கொத்திவிட்டு நகர்ந்துபோயிற்று.

மாலை வகுப்பில் ஜெபதாஸ் வாத்தியார் சொல்லித் தந்த முறை இது. முதலில் தேதி. அடுத்து அன்றைய பிழை, எவ்வளவு சிறியதானாலும். பிறகு நடந்தது. கடைசியில் நாளை செய்யவேண்டியது. பகலெல்லாம் லேஸ் பின்னுகிற எங்களைப் போன்ற பெண்களுக்குக் கையெழுத்து வசப்பட இதைவிட நல்ல வழி இல்லை என்பார். நான் எழுதுவது சரிதானா என்று எனக்கு எப்போதும் சந்தேகம். அதனால் எழுதியதைத் திரும்ப வாசித்துத் திருத்துவேன். இந்தப் பக்கத்தை வாத்தியாரிடம் காட்டப்போவதில்லை. ஆனாலும் முறையை மாற்றவில்லை.

சோடா உப்பை இரண்டு தடவை போட்டதற்குக் காரணம், முன்னறையில் லீலாபாய் சிரித்தது. ஒரு வருஷமாக அவள் என்னோடுதான் இந்த வீட்டில் இருக்கிறாள். இந்த ஒரு வருஷத்தில் அவள் சிரித்து நான் கேட்டதில்லை. அவள் சிரிப்பதற்காக நான் பல காரியங்கள் செய்து பார்த்திருக்கிறேன். இன்று கொழும்பிலிருந்து மத்தியாஸ் வந்து உட்கார்ந்து, கப்பலில் ஒருவருடைய தொப்பி காற்றில் போன கதையைச் சொன்னார். அவ்வளவுதான். சிரித்துவிட்டாள்.

லீலாவைப் பற்றி எழுதவேண்டும். அவளும் நானும் லேஸ் பள்ளியில் ஒரே பலகையில் உட்கார்ந்து பழகியவர்கள். அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. சித்தி ராஜபாய்தான் வளர்த்தார். சித்தியும் விதவை, பிள்ளை இல்லாதவர். அவர்கள் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்தது, நடுவில் ஒரு நாரத்தை மரமும் வேலியும் மட்டும். என் அம்மா இறந்தபின் நான் தனியாக ஆனேன். ஒருத்திக்கு மட்டும் கஞ்சி வைப்பது எப்படி என்று யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு பிடி அரிசி கொதிக்கும்போது சட்டியில் சத்தமே வராது. கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிக்கொண்டு வருகிறவர்கள் அந்த வருஷம் என் வீட்டைத் தாண்டிப் போனார்கள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. உள்ளே ஆள் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

அடுத்த வருஷம் லீலா வேலி தாண்டி வந்து, "ஏட்டி கனி, நாம ரெண்டுபேரும் சேந்து பிஸ்கோத்து சுடுவோம்" என்றாள். லேஸ் பள்ளித் துரைசாணி ஊருக்குத் திரும்பும் முன் எங்களுக்குச் சொல்லித் தந்த சுக்கு பிஸ்கோத்து. அவர் தன் நாட்டில் வேறு சர்க்கரை போடுவாராம். நாங்கள் கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டி, சுக்கும் கிராம்பும் கொஞ்சம் நல்லமிளகும் இடித்துப் போடுவோம். உருளியில் மணலைப் பரப்பிச் சூடாக்கி, அதில் தட்டை வைத்து, மூடிமேல் சிரட்டைத் தணலைக் கொட்டவேண்டும். கீழேயும் தீ, மேலேயும் தீ. அப்போதுதான் வேகும். லீலா மாவை வெட்டுவாள், நான் சுடுவேன். அதில் மாற்றமே இருந்ததில்லை.

துரைசாணி தந்துவிட்டுப் போன தகர அச்சு மனுஷ உருவத்தில் இருக்கும். அதன் இடது கை வளைந்துபோயிருந்தது. அதனால் நாங்கள் சுட்ட எல்லா ஆள்களுக்கும் இடது கை வளைவு. ராஜபாய் சித்திக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"மனுஷ உருவத்தச் சுட்டுத் தின்னுதியளே, பேய்ப் பிள்ளைகளா. துரைசாணிக்கு வேற பண்டம் தெரியாதா?"

"சித்தி, இது எனக்க மாப்பிள்ளையாக்கும்" என்று லீலா ஓர் ஆளின் முகத்தில் மீசை கீறுவாள். "கொழும்புல கணக்கு எழுதி எழுதி வளந்த மூக்கு. பாத்துக்கிடுங்க." அதன் தலையைக் கடித்துத் தின்பாள்.

"தாலி கெட்டுததுக்கு முன்னேயே தலையத் தின்னுட்டியா. நல்ல பெண்ணு" என்பார் சித்தி. அவருக்கும் சிரிப்பு வந்துவிடும். ஆனாலும் ஆள் பிஸ்கோத்தை வெளியே யாருக்கும் அனுப்ப விடமாட்டார். அயல்வீடுகளுக்குப் போகிற தட்டுகளில் வட்டமும் நட்சத்திரமும் மட்டும்தான். ஆள்களை நாங்கள் இருவரும் அடுப்படியில் தின்று தீர்ப்போம். எங்கள் மூவரைத் தவிர ஊரில் யாரும் அதைப் பார்த்ததில்லை.

இனி எழுதுவது போன வருஷம் நடந்தது. லீலாவுக்கும் மத்தியாஸுக்கும் டிசம்பர் 29-ஆம் தேதி கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஜனவரியில் கப்பல் ஏறவேண்டும். லீலா என்னிடம், "நான் போனா நீ என்னட்டி செய்வே?" என்று கேட்டாள். நான் "லேஸ் பின்னுவேன்" என்றேன். அவள் அதை நம்பிவிட்டாள்.

27-ஆம் தேதி காலையில் சித்தி வீட்டு முற்றத்தில் பந்தக்கால் நாட்ட வந்தார்கள். நாங்கள் வேதக்காரர்கள், உபதேசியார் ஜெபம் பண்ணித்தான் கால் நாட்டுவோம். ஆனால் குழி தோண்டுகிறவர் எப்போதும் சுடலையாண்டிதான். அவர் மண்ணை இரண்டு வெட்டு வெட்டியவர் கைகூப்பிக்கொண்டு பின்னால் வந்தார்.

"இது செய்வினையாக்கும். யாரோ பணி வெச்சிருக்கு. நான் இனி இதத் தொடமாட்டேன்."

மாப்பிள்ளையின் தாய்மாமன் செல்வதாஸ் எட்டிப் பார்த்தார். கறுத்த மாவில் ஒரு மனுஷ உருவம். நெஞ்சில் முள் குத்தியிருந்தது. மஞ்சள் நூல் சுற்றியிருந்தது. மண்ணின் ஈரத்தில் ஊறிக் கொஞ்சம் பெருத்திருந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. "வேதக்காரன் வீட்டுல இது எப்படி வந்துது? பெண்ணு வீட்டுக்காரங்க பதில் சொல்லணும்" என்றார். உபதேசியார் ஜெபப் புத்தகத்தை மூடிவிட்டார்.

நான் வீட்டுக்குள் லீலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் வெளியே போகக்கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். சன்னல் வழியாக எனக்குச் சித்தி தெரிந்தார். அவர் குழியருகே குனிந்தார். அந்த வளைந்த கையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து வீட்டைப் பார்த்தார். பார்வையை எடுக்காமலே, "நான்தான் வெச்சேன்" என்றார்.

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. அவர் மறுபடி சொன்னார். "பிள்ளைய அனுப்ப மனசு வரல்ல. நான்தான் வெச்சேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அதை வைத்தது நான்.

எப்படி என்பதை வரிசையாக எழுதுகிறேன். 26-ஆம் தேதி மாலை அவர்கள் எல்லோரும் பலகாரத் தட்டுகளோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்துவிட்டுப் போனார்கள். குழி தோண்டவேண்டிய இடத்தில் சுடலையாண்டி ஒரு கமுகுக் குச்சியை நட்டிருந்தார். குச்சியை எடுத்துவிட்டுச் சிரட்டையால் மண்ணைப் பறித்தேன். மீந்திருந்த ஆள் பிஸ்கோத்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் கருகியது, யாரும் தேடமாட்டார்கள். முள் நாரத்தை மரத்தில் பறித்தது. என் கையில் வெள்ளை லேஸ் நூல்தான் இருந்தது, மஞ்சளில் முக்கி எடுத்தேன். உருவத்தை உள்ளே வைத்து மண்ணை மூடி, குச்சியைப் பழையபடி நட்டேன். மந்திரம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கல்யாணம் சில மாதம் தள்ளிப்போகும், மத்தியாஸின் விடுமுறை முடிந்துவிடும் என்று மட்டும் நினைத்தேன். சித்தி இப்படிச் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருக்கவேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது அன்றைக்கே எனக்கு ஓரளவு தெரிந்தது. முதல்நாள் லீலா அவர் மடியில் படுத்து, "நான் போகமாட்டேன் சித்தி, உங்கள விட்டுட்டுப் போகமாட்டேன்" என்று அழுதிருந்தாள். எல்லாப் பெண்களும் அழுகிற அழுகைதான்.

சபையில் சித்திக்கு இனி இராப்போஜன அப்பமும் ரசமும் கொடுப்பதில்லை என்றார்கள். ஓலை விற்கிறவரும் பால்காரரும் அவர் வாசலுக்கு வருவதை நிறுத்தினார்கள். லீலா என் வீட்டுக்கு வந்துவிட்டாள். சித்தியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "அவிய நம்ம பிஸ்கோத்தையா எடுத்தாவ கனி?" என்று என்னிடம் கேட்டாள். நான் "இருக்கும்" என்றேன். அவள் எழுந்துபோய் அந்தத் தகர அச்சைக் குளத்தில் எறிந்துவிட்டு வந்தாள்.

சித்தி அருமனை ஊரில் இருந்த ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு நடந்து போனார். செய்தி அவருக்கு முன்பே போய்விட்டிருந்தது. திரும்பி நடந்தே வந்தார். ஜனவரி இரண்டாம் தேதி பொழுது சாயும் நேரம். லீலா ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். சித்தி என் அடுப்படி வாசலில் உட்கார்ந்தார். காலில் செம்மண் படிந்திருந்தது. கஞ்சி கொடுத்தேன், தொடவில்லை. வட்ட பிஸ்கோத்து இரண்டு கொடுத்தேன். அதை மெதுவாகத் தின்றார்.

"நல்லாயிருக்குட்டி" என்றார். பிறகு, "எனக்க பிள்ளையப் பாத்துக்கிடுவியா?" என்றார்.

"பாத்துக்கிடுவேன் சித்தி."

"அவ சின்னப் பிள்ள. புத்தியில்லாம செய்துட்டா. அந்தக் கை வளைஞ்சதக் கண்டதும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்காகத்தானே செய்தா. அது யாருக்கும் தெரியாண்டாம், கேட்டியா?"

அப்போது நான் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு நேரமும் இருந்தது, வேறு ஆளும் இல்லை. ஆனால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. லீலாவுக்குத் தன்மேல் அவ்வளவு பாசம் என்ற நிம்மதி. அதைக் கலைப்பது சரியாக இருக்குமா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்விட்டார். மறுநாள் காலை அவரைக் கோவில் குளத்தில் கண்டார்கள். அந்தக் குளத்தில் தண்ணீர் இடுப்பளவுக்கு மேல் இல்லை. அவர் படுத்துத்தான் இருக்கவேண்டும்.

பந்தக்கால் அன்று தள்ளிப்போன கல்யாணம், துக்கத்தில் அடியோடு நின்றது. மத்தியாஸ் தனியாகக் கப்பல் ஏறினார். அன்றிலிருந்து என் அடுப்பில் இரண்டு பேருக்குக் கஞ்சி கொதிக்கிறது. லீலா அதிகம் பேசுவதில்லை. சில நாள் நான் கேட்டதற்குப் பதில் வரவே மறுநாள் ஆகிவிடும். ஆனால் பக்கத்தில் ஒருவர் மூச்சு விடுகிற சத்தம் இருக்கிறது. அது இல்லாதவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இன்று மத்தியாஸ் வந்து, துக்கம் ஒரு வருஷம் ஆகப்போகிறது, ஜனவரி பத்தாம் தேதி கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம், மாமா செல்வதாஸையும் சம்மதிக்க வைத்துவிட்டேன் என்றார். லீலா சரி என்று சொல்லிவிட்டாள். பிறகு அடுப்படிக்கு வந்தாள். அவளுடைய கன்னத்தில் நிறம் ஏறியிருந்தது.

"கனி, நீயும் எங்களோட வா. உன்னைத் தனியா விட்டுட்டு நான் போகமாட்டேன். அவியட்ட கேட்டேன், சரின்னுட்டாவ."

"பிஸ்கோத்து கரியும், நீ போ" என்றேன்.

இதை நான் நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். மத்தியாஸ் சம்மதித்தது உண்மை. ஆனால் சம்மதிக்கும் முன் அவர் லீலாவின் முகத்தைப் பார்த்திருப்பார், அவளுக்காகத் தலையாட்டியிருப்பார். அங்கே அவர்கள் இருவரும் ஓர் அறையில் சிரிப்பார்கள், நான் அடுப்படியில் இருந்து கேட்பேன். இன்று ஒரு தடவை கேட்டதற்கே மாவு கெட்டுவிட்டது.

அதனால் செல்வதாஸ் மாமாவிடம் சில விஷயங்களைச் சொல்ல முடிவு செய்திருக்கிறேன். சொல்லவேண்டியதைத் தனியாக எழுதி, பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். பந்தக்குழியில் இருந்தது லீலா தன் கையால் வெட்டிய உருவம். அந்த அச்சை அவளே குளத்தில் எறிந்தாள். சித்தி அவளைக் காப்பாற்றத்தான் பழியை ஏற்றார், அதை என்னிடமே சொன்னார். இந்த மூன்றில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

யாருக்கும் தெரியவேண்டாம் என்று சித்தி கேட்டது நினைவில் இருக்கிறது. லீலாவைப் பார்த்துக்கொள் என்றும் கேட்டார். இரண்டையும் காப்பாற்ற முடியாது. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது. நாளைக்குப் பிறகு ஊரில் யாரும் அவளோடு பேசமாட்டார்கள். யாராவது ஒருத்தி அவளோடு இருக்கவேண்டும்.

நாளை ஞாயிறு. ஆராதனைக்கு முன் செல்வதாஸ் மாமாவைப் பார்க்கவேண்டும். அதற்கு முன் லீலாவுக்குக் கஞ்சி கொடுத்துப் பக்கத்திலிருந்து சாப்பிட வைக்கவேண்டும், நான் திரும்பி வந்தபின் அவளால் சாப்பிட முடியாது.