படகு கிளம்பிவிட்டது

எல்லோருக்கும் கோடை என்றால் விடுமுறை. எங்களுக்கு அப்போதுதான் தலைக்கு மேல் வேலை. ஆலாக்கள் மணல்திட்டில் முட்டையிடுவது அந்த இரண்டு மாதத்தில்தான். குஞ்சுகள் பறக்கப் பழகுவதற்குள் பிடித்து, காலில் வளையம் மாட்டி, எடை பார்த்து, எழுதி முடித்துவிட வேண்டும். பறந்துவிட்டால் கடலைப் பார்த்துக் கொட்டாவி விட வேண்டியதுதான். நீங்கள் ஆலாவைப் பார்த்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. வெள்ளை உடம்பு, கறுப்புத் தொப்பி, வால் கத்தரிக்கோல் மாதிரி இருக்கும். கூட்டுக்குப் பக்கத்தில் போனால் மண்டையில் கொத்தும்.

நிதானமாகவே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பத்தொன்பது கோடைகள் எழுதியே பழகியவள் நான். எழுதுகிறவரின் கை ஓடும் வேகம் பார்த்துப் பேச எனக்குத் தெரியும்.

வளையம் மாட்டுவது அக்கா; எழுதுவது நான். அக்காவின் கைக்குள் போன குஞ்சு கத்தாது என்று சரணாலயத்தில் எல்லோரும் சொல்வார்கள். சட்டைப் பொத்தானைவிடச் சிறிய அலுமினிய வளையம், அதில் பொடி எழுத்தில் ஓர் எண். குறட்டால் ஒரே அழுத்து, வளையம் காலைச் சுற்றி மூடிக்கொள்ளும். அக்கா எண்ணைப் படிப்பாள், நான் பதிவேட்டில் ஏற்றுவேன். சரணாலயத்தின் ஆய்வு நிலையத்துக்குப் பின்னால் எங்களுக்கு இரண்டு அறை வீடு. அக்காவுக்கு வேலை இருக்கும்வரை வீடும் இருக்கும். அக்காவின் உதவியாள் என்பதுதான் என் வேலை.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் செய்துகொண்டு, பதினோராவது மாதம் ஒரு பையோடு திரும்பி வந்தேன். ஏன் வந்தாய் என்று அவள் இன்றுவரை கேட்டதில்லை. அலமாரியில் கீழ்த்தட்டைக் காலி செய்து, "இது உனக்கு" என்றாள். அவ்வளவுதான். அப்படிப்பட்டவளுக்காக ஒருத்தி என்ன செய்யமாட்டாள், நீங்களே சொல்லுங்கள்.

நாலு கோடைக்கு முன்னால் அக்காவின் கண் மங்க ஆரம்பித்தது. முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. வளையத்தை மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு, "இது மூணா எட்டாடி?" என்பாள். "மூணும் இல்ல, எட்டும் இல்ல, பறவை எச்சம்" என்பேன். இருவரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். பிறகு ஒரு காலையில் குறட்டால் ஓர் இழை அதிகமாக அழுத்திவிட்டாள். தீக்குச்சி ஒடிவதுபோல ஒரு சத்தம். குஞ்சின் கால். அன்று முழுவதும் அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், "ஆபீஸ்ல சொல்லிடுறேன்டி. இனி என்னால ஆகாது" என்றாள்.

"சொல்லிட்டு? நாம எங்க போய் நிக்கிறது?"

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் அக்கா இருபது குஞ்சுகளுக்கு மாட்டினாள். நான் நூற்றிருபது என்று எழுதினேன். மிச்ச வளையங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, என் கீழ்த்தட்டில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், ஒருமுறை நன்றாக எழுதிவிட்டால் மறுவருஷம் குறைத்து எழுத முடியாது. காரணம் கேட்பார்கள். பறவைகள் இவ்வளவு நன்றாக இருக்கும்போது வேலி எதற்கு என்று தலைமை அலுவலகம் வேலியை எடுத்துவிட்டது. நாய்கள் திட்டுக்கு வர ஆரம்பித்தன. மூன்றாவது கோடையில் கூடுகளில் பாதி காலி. அந்த வருஷமும் நன்றாகத்தான் எழுதினேன்.

பயம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே கதவைச் சாத்துவேன். தொலைபேசி அடித்தால் கையில் இருப்பது கீழே விழும். நிலையத்து வாசலில் முன்பின் தெரியாத செருப்பு கிடந்தால் நான் உள்ளே போகமாட்டேன். சுற்றிப் பின்வழியாகப் போய், ஜன்னலில் யாரென்று பார்த்துவிட்டுத்தான் போவேன். எல்லாம் அக்காவை நினைத்துத்தான். வேலையும் வீடும் போனால் அவள் தாங்கமாட்டாள்.

இந்தக் கோடையில் ஒரு கடிதம் வந்தது. பதிவேடுகளைச் சரிபார்க்க ஒருவர் வருகிறார், மூன்று நாள் தங்குவார் என்று.

வந்தவரை நீங்கள் பிறகுதான் பார்த்தீர்கள். உயிரோடு இருந்தபோது நல்ல கலகலப்பான மனிதர். நெடுநெடுவென்று உயரம். நிலையத்துக் கதவில் முதல் நாளே தலையை இடித்துக்கொண்டார். அக்கா அவருக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்தாள். அது அவர் காதிலும் விழுந்துவிட்டது. "பரவால்ல பெரியக்கா, வீட்டுலயும் என்னை இதுக்குத்தான் வச்சிருக்காங்க" என்றார். அக்காவைப் பெரியக்கா என்றும் என்னைச் சின்னக்கா என்றும் கூப்பிட்டார். தண்ணீர் என்றால் தனக்கு ஆகாது, நீச்சல் தெரியாது, கடலை நம்பிப் பிழைக்கும் வேலையில் வந்து மாட்டிக்கொண்டேன் என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

பகலெல்லாம் என் பதிவேடுகளைப் புரட்டினார். நான் எதிரே உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்துவார், என்னை ஒருமுறை பார்ப்பார், அடுத்த பக்கம் போவார். நான் சீவிய பென்சில்கள் மேசையில் பதினான்கு கிடந்தன.

இரண்டாம் நாள் சாயங்காலம் தேநீர் குடிக்கும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "நாளைக்குக் காலைல நானே திட்டுக்குப் போய் ஒரு தடவை எண்ணிப் பாத்துடுறேன் சின்னக்கா. வந்ததும் உங்க ரெண்டு பேர்ட்டயும் ஒரு விஷயம் பேசணும். பயப்படாதீங்க."

பயப்படாதே என்று ஒருவர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் வேலையே அதுதானே.

திட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரையில் எங்கள் மரக்குடில். அதிலிருந்து தொலைநோக்கியில் எல்லாம் தெரியும். குடிலுக்கு எதிரே ஓர் ஓடை, அதைத் தாண்டி தாழ்ந்த மணல்வெளி, கடைசியில் கூடுகள் இருக்கும் மேடு. தண்ணீர் வற்றியிருக்கும்போது ஓடையில் கணுக்கால் நனையாது. கடல் ஏறும்போது முதலில் ஓடை நிரம்பும், பிறகு மணல்வெளி. மணல்வெளியின் நடுவில் ஒரு கம்பம் நட்டிருக்கிறோம். திட்டுக்குப் போகிறவர் கையில் ஒரு வாக்கி-டாக்கி, குடிலில் ஒன்று, துறையில் இருக்கும் நிலையத்துப் படகுக்காரரிடம் ஒன்று. திட்டுக்குப் போகிறவர் எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று குடிலின் கரும்பலகையில் எழுதுவோம். குடிலில் ஒருவர் காவல் இருந்து, நேரமானால் இரும்பு மணியை அடிக்க வேண்டும். பத்தொன்பது கோடைகளில் ஒருநாளும் அது தவறியதில்லை.

அன்று காலை பலகையில் இருந்தது பதினொன்றரை. உண்மையான நேரம் பத்தரை.

விசாரணையின் முதல் நாள் நீங்கள் கேட்டபோது, அக்காவுக்குக் கண் சரியில்லை என்றேன். அது பொய்யில்லை. பலகையில் இருந்த எழுத்தும் அக்காவின் எழுத்து மாதிரிதான் இருந்தது. ஒன்றின் மேல் ஒன்று ஏறிய பெரிய எழுத்து. அக்கா அந்த எழுத்து தன்னுடையது இல்லை என்கிறாளாம். சரிதான். நான்தான் எழுதினேன். பத்தொன்பது வருஷம் ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவள் எழுத்து நம் கைக்கு வந்துவிடும். அக்கா எழுதியதாக இருந்தால் வயதானவளின் கைப்பிசகு என்று விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அவளுடைய நன்மைக்குத்தான்.

அக்காவின் தேநீரில் அவள் தூக்க மாத்திரையைப் பொடித்துப் போட்டிருந்தேன். இதையெல்லாம் அவள் பார்க்க வேண்டாமே என்று.

பத்தரைக்கு நான் மணி அடிக்கவில்லை. பதினொன்றுக்கு அவரே வாக்கி-டாக்கியில் கூப்பிட்டார்.

"சின்னக்கா, ஓடைல தண்ணி நெறஞ்ச மாதிரி தெரியுது. எனக்கு இன்னும் அரை மணி இருக்குல்ல?"

"இன்னிக்குக் கொஞ்சம் சீக்கிரம் ஏறுது தம்பி. பதறாதீங்க."

"நான் இந்த மேட்டுலயே இருந்துடவா? இங்க காஞ்சுதான் இருக்கு."

இங்கேதான் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. அந்த மேட்டில் கோடையில் தண்ணீர் ஏறியதே இல்லை. ஏறினால் ஆலா அங்கே முட்டையிடுமா? நான் ஒன்றும் பேசாமல் இருந்திருந்தால் அவர் வெயிலில் ஐந்தாறு மணி நேரம் காய்ந்துவிட்டு, சாயங்காலம் நடந்து வந்திருப்பார்.

"அங்க இருக்காதீங்க" என்றேன். "மேடும் முங்கிடும். இறங்கி நடுவுல அந்தக் கம்பத்துக்கு வந்துடுங்க. படகு அங்கதான் வரும்."

அவர் வந்தார். நீண்ட கால்களை உயர உயரத் தூக்கி, காலணிகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். தொலைநோக்கியில் அவர் உதடு அசைவதுகூடத் தெரிந்தது. கம்பத்தைக் கட்டிக்கொண்டார். தண்ணீர் அப்போது முழங்காலில் இருந்தது.

"படகு கெளம்பிடுச்சா சின்னக்கா?"

"கெளம்பிடுச்சு தம்பி. கம்பத்த விட்டுடாதீங்க, அசையாம நில்லுங்க. நடந்தா இழுத்துடும்."

அந்தக் குரல் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகம். அவ்வளவு கனிவாக இருந்தது. அவர் சொன்னபடி கேட்டார். இடையிடையே கூப்பிட்டார். இடுப்பு வரை வந்துடுச்சு என்றார். காலுக்குக் கீழே மண்ணு போகுது என்றார். வாக்கி-டாக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. உங்களுக்கு இது புரியுமா தெரியவில்லை, அன்று அந்தக் கடற்கரையில் அவரைவிட அதிகமாகப் பயந்திருந்தது நான்தான். "வந்துட்டே இருக்கு, அந்த வளைவுல தெரியுது" என்று சொன்னேன். அதைத்தான் படகுக்காரர் கேட்டிருக்கிறார். எப்போதும் தன் கருவியை அணைத்தே வைத்திருப்பவர், அன்று பார்த்துப் போட்டிருக்கிறார். தன் படகு கண்ணெதிரே கட்டிக்கிடக்கும்போது எந்தப் படகு கிளம்பியது என்று அவர் யோசித்துப் புறப்படுவதற்குள் நேரமாகிவிட்டது.

அப்போது குடிலின் படியில் காலடி கேட்டது. அக்கா. தேநீரைப் பாதிதான் குடித்திருக்கிறாள். நான் வாக்கி-டாக்கியின் சத்தத்தை முழுவதும் குறைத்தேன். அக்காவுக்குக் காது கூர்மை.

சுவரைத் தடவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தம்பி திரும்பிட்டாராடி?"

"அப்பவே வந்துட்டாரு. குளிக்கப் போயிருக்காரு."

அவள் வெளியே பார்த்தாள். அவர் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை.

"அங்க நடுத்தண்ணில என்னமோ வெள்ளையா தெரியுதே."

"கொக்கு, அக்கா."

"இவ்ளோ ஆழத்துலயா?"

"கம்பத்து மேல உக்காந்திருக்கு."

சரி என்று தலையாட்டினாள். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். என் மடியில் அந்தக் கருவியின் சிறிய சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. அவர் பேசும்போதெல்லாம் அது எரியும். உயரமான ஆள், அதனால் நேரம் எடுத்தது. பிறகு விளக்கு எரியவில்லை.

"கொக்கு போயிடுச்சா?" என்றாள் அக்கா.

"போயிடுச்சு."

நான் பதிவேட்டை எடுத்து அன்றைய கணக்கை எழுதினேன். மேட்டின் மேல் ஆலாக்கள் முப்பத்தொன்று. நாலு வருஷத்தில் நான் எழுதிய முதல் உண்மையான எண். வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேற்று நீங்கள் ஒரு கடிதத்தைக் காட்டினீர்கள். அவருடைய பெட்டியில் இருந்ததாம். அக்கா தலைமை அலுவலகத்துக்கு எழுதியது, எனக்குத் தெரியாமல், இரண்டு மாதத்துக்கு முன்னால். நாலு வருஷமாகப் பதிவேடு தப்பு, தப்பு என்னுடையது, என் கண் போய்விட்டது, தங்கையை ஒன்றும் செய்யாதீர்கள், அவள் பயந்த சுபாவம் என்று எழுதியிருக்கிறாள். அதோடு சேர்த்து அலுவலகத்தின் பதிலும் இருந்தது. அக்கா ஓய்வு பெறலாம், வீடு எங்கள் இருவருக்குமே, ஆயுள்வரை. அதைத்தான் அவர் எங்களிடம் பேச வேண்டும் என்றிருக்கிறார்.

அதை அவர் வந்த அன்றே சொல்லியிருக்கலாம். செத்தவரைப் பற்றிச் சொல்லக்கூடாதுதான், ஆனால் இதில் அவர் பேரிலும் கொஞ்சம் தவறு இருக்கிறது.

ஆக, பலகையில் நேரத்தை மாற்றியது நான், மணி அடிக்காமல் இருந்தது நான், மேட்டிலிருந்து அவரை இறக்கிக் கம்பத்தில் நிற்க வைத்தது நான். இதில் அக்காவுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இன்று காலை மாற்றுத் துணி எடுக்க என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனீர்களே, அப்போது அக்கா உங்கள் பெண் காவலரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் ஓர் அடி எடுத்து வைத்ததும், "அவள உள்ள விடாதீங்க" என்று கத்தினாள். அவளைத் தனியாக விடாதீர்கள். எதைக் கண்டோ மிரண்டுபோயிருக்கிறாள், பாவம். அவள் பக்கத்தில் நான் இருந்தால் இப்படியெல்லாம் பயப்படமாட்டாள்.