மடியில் வெள்ளை விரிப்பு

— அசையாதே தங்கச்சி. கேமராக் கைப்பிடியைச் சுத்த ஆரம்பிச்சுட்டேன்னா நடுவுல நிறுத்த முடியாது.

— நான் எங்கண்ணே அசையுறேன்? தலைக்கு மேல உன் விளக்கு அடுப்பு மாதிரி காயுது. கண்ணுக்குள்ள மணலை அள்ளிப் போட்டாப்பல உறுத்துது. போன வாரம் வரைக்கும் கண்ணாடிக் கூரை, வெயில்னு நிம்மதியா நடிச்சிட்டிருந்தோம்.

— அந்த வெயில்தானே உன் பொழப்பைக் கெடுத்துச்சு? உச்சியிலருந்து அடிச்சு, கண்ணுக்குக் கீழே நிழலாலேயே ரெண்டு குழி தோண்டிருச்சு. திரையில பார்த்துட்டு முதலாளி என்ன சொன்னார்?

— "கதாநாயகி கேட்டேன், எலும்புக்கூடு வந்திருக்கு"ன்னார். என் வாயைக் கிளறாதே.

— அதான் நாளைக்கு உனக்குப் பதிலா புதுப் பொண்ணு வர்றதுக்குள்ள இந்தக் கார்பன் விளக்கையாவது போட்டுப் பார்த்துடலாம்னு கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வந்தேன்.

— வாங்கிட்டு வந்து அதையும் உச்சியிலேயே தொங்கவிட்டிருக்கே!

— சூரியன் எங்கே இருக்கு? மேல. அப்போ விளக்கும் மேலதானே இருக்கணும்?

— உன் மூளைக்குச் சுத்திப் போடணும்ணே.

— பேசாம சிரி. கன்னத்துச் சிவப்பைத் துடைச்சுட்டியா? இந்த ஃபிலிம்ல சிவப்பு கரியாட்டம் விழும்.

— எப்பவோ துடைச்சாச்சு.

— ஆமா, மடியில என்ன அது வெள்ளையா?

— படுக்கை விரிப்பு. உன் விளக்குக் கரிக்குச்சி எரிஞ்சு எரிஞ்சு சாம்பலாக் கொட்டுது. கம்பெனி உடுப்பு என்னத்துக்கு ஆகும்? நீ சுத்துறதுக்கு முன்னாடி எடுக்கணும்னு இருந்தேன், மறந்து தொலைச்சுட்டேன். இதோ, எடுத்துட்டேன்.

— ஐயையோ.

— என்னண்ணே?

— குழி வந்துடுச்சு.

— வந்துடுச்சா? அப்போ இவ்வளவு நேரம் இல்லையா?

— இரு இரு. விரிப்பைப் போடு.

— போட்டுட்டேன்.

— எடு.

— எடுத்துட்டேன்.

— போடு!

— நான் என்ன கொடியில துணியா காயப்போடுறேன்?

— அடியே, மேலேருந்து விழுற வெளிச்சம் அந்த வெள்ளையில பட்டுத் திரும்பி உன் மூஞ்சிக்கு ஏறுதுடி! குழியெல்லாம் ரொம்பிப் போச்சு. சத்தியமா சொல்றேன், பத்து வயசு குறைஞ்சு உட்கார்ந்திருக்கே!

— ஆசை காட்டாதேண்ணே. நேத்தெல்லாம் அழுது தீர்த்துட்டேன். இந்த நடிப்பை விட்டா எனக்குன்னு வேற என்ன இருக்கு?

— அழுகையை மூட்டை கட்டி வை. விரிப்போடயே எடுக்கப் போறேன்.

— படத்துல தெரியாதா?

— கேமராவை உன் பக்கத்துல கொண்டாந்துடுறேன். தோளுக்குக் கீழே ஒண்ணும் தெரியாது.

— காலைக் காணோம்னு முதலாளி வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாரே!

— காலா நடிக்குது? நீ சிரி. ஃபிலிமைக் கழுவிக் காய வெச்சு, சாயங்காலமே அவருக்குப் போட்டுக் காட்டிடலாம்.

\*

— யோவ் கேமரா, ஜன்னல் திரையை நல்லா இழுத்து மூடு. இந்த இருட்டு போதும், ஓட்டு. ம்... இதென்னய்யா, காலைக் காணோம்? காசு கொடுத்து வர்றவன் பாதி ஆளைப் பார்க்கவா வர்றான்?

— மூஞ்சியைப் பாருங்க முதலாளி.

— பார்த்துக்கிட்டுத்தான்யா... அட. அடடே! யாருய்யா இது? நாம வரச்சொன்ன பொண்ணு இல்லையே. எங்கேய்யா புடிச்சே?

— முதலாளி, அது வந்து...

— நீ குறுக்கே பேசாதே. கண்ணைப் பாரு, என்னமா பேசுது! இவதான் என் கதாநாயகி, முடிவு பண்ணிட்டேன். நாளைக்கு வர்றவளை வர வேண்டாம்னு சொல்லிடு. உன் தங்கச்சிகிட்டேயும் நீயே பக்குவமா எடுத்துச் சொல்லிடு. பாவம், அந்தப் பிள்ளை மூஞ்சியை இனி எப்படிய்யா பார்ப்பேன்?

— இப்பவே பார்த்துக்கிட்டுத்தானே இருக்கீங்க, முதலாளி.

— யாரது, பின் வரிசையில?

— உங்க எலும்புக்கூடு.

— என்னம்மா விளையாடுறியா? திரையில இருக்கறது நீயா? யோவ், விளக்கைப் போடு, பார்த்துடலாம்!

— தாராளமா போடட்டும். ஒரு நிமிஷம் முதலாளி, மடியில விரிப்பைப் போட்டுக்கிறேன்.