வெறுந்தட்டு திரும்பாது

– கேட் சாவியத் தாங்க ரத்தினம்மா. பூட்டப் போறன்.

– ஐயோ ஜஹானா நோனா! மெனிக்கே அம்மாவும் ஐயாவும் தெருமுனைக்கு வந்துட்டாங்க. ஏழு வருஷத்துக்கப்புறம் இந்தப் படி ஏற வாறாங்க.

– வந்த வழியே போகச் சொல்லுங்க.

– காலையில அவங்களுக்குன்னு மஸ்கட் அல்வா கிண்டினீங்களே, அதுக்குள்ள என்னாச்சு?

– இந்தத் தட்டத் திருப்பிப் பாருங்க. எப்பவும் நீங்கதான் கழுவுவீங்க, இண்டைக்கி நான் கழுவினன். அடியில என்ன ஈக்கி?

– செவப்பா ஒரு புள்ளி.

– நான் வெச்ச நகப்பூச்சு. கீறல் விழுந்ததை விக்கக் கூடாதெண்டு புள்ளி வெச்சி உள் அலுமாரி ராக்கையில ஒதுக்குவன். எங்கட பாத்திரக் கடைத் தட்டு. ஏழு வருஷத்துக்கு முந்தி கலவரத்தில கடைய எரிச்ச அண்டைக்கி களவு போனது.

– நோனா...

– அந்தக் கூட்டத்தில மெனிக்கேட மகனும் நிண்டான். வேடிக்கைதான் பார்த்தான் எண்டு நீங்கதான் சத்தியம் பண்ணினீங்க. இப்ப எங்கட தட்டிலயே எங்களுக்குக் கொண்டைப் பலகாரம் அனுப்புறாங்க!

– நின்னான், கைய வைக்கல. சமாதானக் கமிட்டி மூணு தடவ வந்துச்சு. டீ குடிச்சாங்க, போட்டோ புடிச்சாங்க, போயிட்டாங்க. ரெண்டு வீட்டுலயும் வேல செய்யிற நான்தானே இம்புட்டுத் தூரம் கொண்டாந்தேன். கெடுத்துடாதீங்க.

– எனக்குக் கோவமும் வரல்ல, அழுகையும் வரல்ல. சாவியத் தாங்க.

– மெனிக்கே அம்மா எப்பவும் பலகாரத்த சிலிசிலிப் பாலித்தீன் பையிலதான் குடுத்தாங்க, நோனா.

– பையிலயா? அப்ப தட்டு?

– பையில வந்தா பை குப்பைக்குப் போயிரும், கத முடிஞ்சுரும். தட்டுல வந்தா வெறுந்தட்டா நீங்க திருப்ப மாட்டீங்க. அதான் தட்டுல மாத்தினேன். நீங்க வச்சுக் குடுத்ததையும் பையில மாத்தித்தான் அங்க கொண்டுபோனேன். அந்தத் தட்ட அவங்க கண்ணால கண்டதில்ல.

– மணி அடிக்கிறாங்க.

– தொறங்க, நோனா.

– அப்ப யார்ட தட்டு இது?

– என் வீட்டுல இருந்த ஒரே நல்ல தட்டு. அன்னைக்கு எல்லாரும் அள்ளிக்கிட்டு ஓடினாங்க. நானும் உங்க கடைக்குள்ள வந்தேன், நோனா.