மூன்றாவது பூச்சு

எங்கள் ஊரில் பழைய சாப்பாட்டு மேசையைத் தேய்த்து, புதிதாக எண்ணெய் பூசி வைத்தால் விலை ஏறும். பழைய போர்த் துப்பாக்கியை அப்படிச் செய்தால் விலை விழும். முப்பது வருடம் மேசை நாற்காலி புதுப்பித்து வயிறு வளர்த்தவள் நான். துப்பாக்கி சேகரிக்கிறவரோடு நாற்பத்து மூன்று வருடம் குடும்பம் நடத்தியவளும் நான்தான். ஆகவே, விவரம் தெரியாமல் செய்துவிட்டாள் என்று உங்கள் போலீஸ் அறிக்கையில் எழுதிவிடாதீர்கள், டெபுடி.

என் கணவர் ஹார்லன் இதை வேதவாக்குப் போலச் சொல்வார். "பட்டாளத்துக்காரன் கையழுக்குதான்டி விலை. அதத் துடைச்சவன் காசத் துடைச்சான்." தேய்ந்த இடம், கீறல், துப்பாக்கியின் மரக்கட்டையில் ஆயுதசாலை குத்திய முத்திரை எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். உப்புத்தாள் ஒருமுறை பட்டுவிட்டால் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அப்படிக் கைபடாத துப்பாக்கிகள் எங்கள் வீட்டில் முப்பத்தொன்று இருந்தன.

அதில் ஒன்று என் அப்பாவுடையது. ஜெர்மனியில் சண்டை முடிந்து திரும்பும்போது கொண்டுவந்தது. அவர் போனபிறகு அம்மாவின் அலமாரி மேல் கிடந்தது. இருபத்தாறு வருடம் முன்பு, குளிர் தொடங்குகிற நேரத்தில் அம்மா வீட்டைச் சூடாக்குகிற கணப்பு பழுதாகிவிட்டது. துப்பாக்கியை விற்றுப் புதிது போடலாமா என்று மருமகனைக் கேட்டாள். ஹார்லன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"எவனோ மடையன் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருக்கான் அத்தை. வெளிய நூத்தம்பது டாலர்கூடத் தர மாட்டான். நம்ம குடும்பமாச்சேன்னு நான் எரநூறு தரேன்."

அம்மா அவருக்குச் சோள ரொட்டியும் வேகவைத்த பீன்ஸும் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். இருநூறு டாலரில் கணப்பு வரவில்லை. எங்களிடம் மறுபடி கேட்க அவளுக்குக் கூச்சம். ஜனவரி முழுக்க மேல்கோட்டோடு படுத்திருக்கிறாள்; எனக்கே பிறகுதான் தெரியும். சளி நெஞ்சில் இறங்கி, அரசு முதியோர் இல்லத்தில், இன்னொருத்தியோடு பங்கிட்ட அறையில், ஒரு திரைக்கு இந்தப் பக்கம் மார்ச்சில் செத்தாள். அந்த இருநூறு டாலருக்காக ஹார்லனுக்கு நான் நன்றிகூடச் சொல்லியிருந்தேன்.

போன வருடம் ஜூனில், கண்காட்சித் திடலில் துப்பாக்கிச் சந்தை. நான் காப்பி வாங்கிக்கொண்டு எங்கள் மேசைக்குத் திரும்பி வந்தேன். ஹார்லனின் கூட்டாளி ராய்ஸ் டாக்கெட் அப்பாவின் துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தார். இருவருக்கும் முதுகு என் பக்கம்.

"டேய், இத எங்கடா புடிச்ச? முத்திரை ஒண்ணுகூட அழியல."

"ஒரு கிழவிகிட்ட. தேய்ச்ச சரக்குன்னு சொன்னேன், நம்பிட்டா. எரநூறு."

"அடப்பாவி! பதினோராயிரம் போகும்டா இது. நரகத்துல உனக்குத் தனி ரூமே போட்டு வச்சிருப்பான்."

"நல்லதாப் போச்சு. அங்க ஹீட்டர் செலவு மிச்சம்."

சிரித்தார்கள். நான் காப்பியை வைத்தேன். ஹார்லனுக்குச் சர்க்கரையும் போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். ஏமாற்றியதைக்கூட நான் பொறுத்திருப்பேனோ என்னவோ. மாமியார் என்றுகூடச் சொல்லவில்லை, ஒரு கிழவி என்றார்.

அக்டோபரில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அதை நான் வரவழைக்கவில்லை. கை கால் போயிற்று, பேச்சு போயிற்று; பார்வையும் புத்தியும் மிச்சம். வாரம் மூன்று நாள் வருகிற நர்ஸ் மார்லிஸ் அவருக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள். ஒருமுறை இமைத்தால் ஆமாம், இருமுறை இமைத்தால் வேண்டாம்.

முதல் துப்பாக்கியை நவம்பரில் எடுத்தேன். கட்டிலைச் சாய்த்து உட்காரவைத்து, அவர் கண்ணுக்கு நேராக மேசையைப் போட்டேன். "பாவம், பழசாயிடுச்சு. பளிச்சுன்னு ஆக்கிடட்டுமா?" என்று கேட்டேன். அவர் இமைத்தார். இரண்டாவது இமைப்பு, உடம்பு முடியாதவர்களுக்கு வருகிற துடிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

வாரத்துக்கு ஒன்று. இரும்பைச் சுரண்டி மினுக்கினேன், கட்டையைத் தேய்த்தேன். முத்திரை ஒன்று மறையும்போதெல்லாம் அது எந்த முத்திரை என்று அவருக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் தேய்ப்பேன். அவர் கண்ணில் தண்ணீர் வழியும்.

"உங்கள மாதிரி யாரு பாத்துப்பா அக்கா? அவருக்குப் புடிச்ச வேலைய அவர் முன்னாடியே செய்றீங்க. பாருங்க, சந்தோஷத்துல அழறாரு" என்பாள் மார்லிஸ்.

"மனசு இளகின ஆளும்மா" என்று துடைத்துவிடுவேன்.

கவனிப்பில் நான் குறை வைக்கவில்லை. வேளைக்குக் கஞ்சி, வேளைக்கு மாத்திரை. படுக்கைப் புண் ஒன்றுகூட இல்லை என்று டாக்டரே அதிசயப்பட்டார். முப்பத்தொன்றும் முடிகிறவரை அவர் நன்றாக இருக்க வேண்டுமே.

அப்பாவுடையதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். உப்புத்தாளைக் கையில் எடுத்ததும் அவரிடம் சொன்னேன். "எங்கம்மாகிட்ட நீங்க சொன்னது இத்தன நாள் பொய்யா இருந்துச்சு. இன்னியோட நெசமாயிடும்."

அன்று அவர் இமைக்கவே இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் துப்பாக்கிகளுக்கு விலை பேச ராய்ஸ் வந்தார். அலமாரியைத் திறந்தவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ வெர்னா, என்ன காரியம் பண்ணிட்ட, எல்லாமே போச்சே" என்று குழந்தை மாதிரி அழுதார். அவர் உங்களைக் கூப்பிட்டது துப்பாக்கிகளுக்காகத்தான். ஹார்லனுக்காக அழுததை நான் பார்க்கவில்லை.

நீங்கள் கேட்பது நேரத்தைப் பற்றி. அவருக்கு முடியாமல் போனதாக ஆஸ்பத்திரிக் காகிதம் சொல்கிற நேரமும் நான் போன் செய்த நேரமும் இடிக்கின்றன என்கிறீர்கள். இடிக்கத்தான் செய்யும். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி இருக்கும். அப்பாவின் துப்பாக்கிக்கு மூன்றாவது பூச்சு போட்டுக்கொண்டிருந்தேன். அவர் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. அப்படி வந்தால் உடனே கூப்பிட வேண்டும் என்று மார்லிஸ் சொல்லியிருந்தாள். போன் என் மடியில்தான் இருந்தது. ஆனால் ஆளிவிதை எண்ணெயைப் பாதியில் விட்டால் திட்டுத் திட்டாய் நின்றுவிடும். முழுக்கப் பூசி, ஊறவிட்டு, மிச்சத்தைத் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். எடுத்தேன். ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சரிபார்த்தேன். அவருக்கும் காட்டினேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போன் செய்தேன்.

நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். அந்த நாற்பது நிமிடமும் நான் அந்த அறையை விட்டு வெளியே போகவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.