நடுவே நிற்க வேண்டிய பெட்டி

இந்த அறையின் சூடேற்றி சற்றே இரைகிறது, ஆய்வாளர் அவர்களே. குறையாகச் சொல்லவில்லை, நவம்பர் மாத மட்சுமோட்டோவில் அது இல்லாமல் உட்கார முடியாது. நாற்பது ஆண்டுகள் ஸ்பீக்கர்களின் முன் அமர்ந்தவனுக்கு, எந்த அறையிலும் முதலில் அறிமுகமாவது அதன் இரைச்சல்தான்.

'கருவிக் கோளாறால் நேர்ந்த விபத்து' என்று எழுதி, என்னைக் கையொப்பமிடச் சொன்னீர்கள். மறுத்தேன். காரணத்தைக் கேளுங்கள்.

முனகதா பல் மருத்துவன். நான் மின்வாரியத்தில் மின்மாற்றிகளைப் பழுது பார்த்தவன். எங்களைச் சேர்த்தது இசை. பிரித்தது ஒரு பெட்டி. இசைத்தட்டைப் படிக்கும் கருவிக்கும், ஸ்பீக்கரை முழங்கச் செய்யும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே நின்று, ஒலியைப் பதப்படுத்தி, அளந்து அனுப்பும் பெட்டி. பிரீ-ஆம்ப் என்பார்கள். அது வேண்டும் என்பது என் கட்சி. வேண்டாம் என்பது அவன் கட்சி.

"தட்டு பாடுது, ஆம்ப்ளிஃபையர் கத்துது. நடுவுல எதுக்குடா இந்தத் தரகன்?" என்பான்.

"பிரேக் இல்லாத வண்டியில நீ போ. நான் வரல" என்பேன்.

பதினோரு ஆண்டுகள் உழைத்து அந்தப் பெட்டியை என் கையால் கட்டினேன். குழந்தை இல்லாத வீட்டில் அதன் கண்ணாடிக் குழல் வால்வுகள் மாலைதோறும் செம்மஞ்சளாக ஒளிர்ந்தன. என் மனைவி சயோகோ அதற்குத் தூசி தட்டுவாள்.

சென்ற ஆண்டு வசந்தத்தில், பித்தப்பை அறுவைக்காக மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்தேன். திரும்பி வந்து கேட்டபோது, பெட்டி முன்னினும் ஆழமாகப் பாடியது. வால்வுகள் ஓய்வெடுத்துக் கனிந்துவிட்டன என்று எங்கள் கேட்போர் சங்கத்தின் இதழில் நான்கு பக்கக் கட்டுரை எழுதினேன்.

இந்த அக்டோபரில் சங்கம் என் வீட்டில் கூடியது. பன்னிரண்டு பேர். இசை முடிந்ததும் அந்த ஆழத்தைப் பற்றிப் பேசினேன். முனகதா சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்து, பெட்டியின் மூடியைக் கழற்றினான்.

உள்ளே ஒரே ஒரு கம்பி. நுழைவாயிலிலிருந்து ஒலியைக் கூட்டும் திருகுக்கு. அங்கிருந்து நேரே வெளிவாயிலுக்கு. வால்வுகள் ஒளிர்ந்தன, ஒலியோ அவற்றைத் தொடாமலே போய்க்கொண்டிருந்தது. நான் மருத்துவமனையில் இருந்தபோது அவன் பற்றவைத்த கம்பி.

"ஒன்றரை வருஷமா நீ கேட்டது என் கட்சிப் பாட்டுடா, குசகபே. எப்படி, கனிஞ்சுதா?"

சங்கம் சிரித்தது. அதை மன்னித்திருப்பேன். தேநீர்த் தட்டோடு வாசலில் நின்ற சயோகோ, மூடி கழலும் முன்பே சிரித்துவிட்டாள். நான் இல்லாதபோது அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டவள் அவள்தானே.

"எத்தன தடவ சொல்லிரலாம்னு வந்தேன் தெரியுமா?" என்றாள் பிறகு. "நீங்க கண்ண மூடிக்கிட்டு அவ்வளவு சந்தோஷமா கேட்டுக்கிட்டு இருந்தீங்க. மனசு வரல."

நண்பன் என் வீட்டில் என் உழைப்பைத் துண்டித்தான். மனைவி அதைத் தூசி தட்டிக் காத்தாள். நான் கேட்டது நீதி, கிடைத்தது நகைப்பு.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிறு பிற்பகல், முனகதாவின் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி காலமான பின் அவனுக்குத் துணை அந்த அறைதான். என்னைக் கண்டதும் அவன் கண் கலங்கியது. "வரமாட்டேன்னு நெனச்சேன்டா" என்றான். அரிசி வறுவல் எடுத்து வைத்தான்.

"உன் நிசப்தத்தைக் காட்டு" என்றேன்.

எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாட்டை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரில் காதை வைத்து, எவ்வளவு இரைகிறது என்று பார்ப்போம். முனகதாவின் ஸ்பீக்கர் மரக் கூம்பு. மனிதத் தலை முழுதாக நுழையும். நான் கொண்டு போன முரசு இசைத்தட்டைக் கருவியில் இட்டு, பாடாமல் நிறுத்தி வைத்தேன். அவன் மண்டியிட்டு, கூம்புக்குள் தலையை நுழைத்தான். அந்தக் கருவியிலேயே ஒலியைக் கூட்டும் ரிமோட் என் கையில் இருந்தது. நடுவே வேறு பெட்டி எதுவும் இல்லை.

பதினெட்டில் இருந்த ஒலி எண்ணைத் தொண்ணூற்றொன்பதுக்கு ஏற்றினேன். ஒவ்வொன்றாக. எண்பத்தொரு முறை அழுத்தினேன்.

"ஒண்ணுமே கேக்கல பாத்தியா?" என்றது கூம்புக்குள்ளிருந்து அவன் குரல். "கெணத்துக்குள்ள இருக்கற மாதிரி இருக்கு. இப்பவாவது ஒத்துக்கோடா."

பாட்டை ஓடவிட்டேன்.

வலக்காது முழுதாகவும், இடக்காது பெரும்பகுதியும் போய்விட்டன என்கிறார் மருத்துவர். இனி அவன் இசை கேட்க மாட்டான். மருத்துவமனையில் உங்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறான்: 'கருவி கெட்டுப்போச்சு. குசகபே மேல தப்பில்ல.' மறுபடியும், என்னைக் கேட்காமலே எனக்கு ஒன்றைச் செய்திருக்கிறான்.

அந்தக் கருவியில் கோளாறு இல்லை. செய்தவன் நான். அதை எழுதுங்கள், கையொப்பமிடுகிறேன்.

இதையும் சேர்த்து எழுதுங்கள். நடுவே என் பெட்டி நின்றிருந்தால், ஒலியைக் கூட்டக் கூட்ட, தட்டு பாடாதபோதும் அதன் வால்வுகளின் மெல்லிய இரைச்சல் எழுந்திருக்கும். அவன் தலையை எடுத்திருப்பான். வேண்டாம் என்றவன் அவன்தான்.