குளிக்க விடாத ஆந்தை

நடுவில் யாரும் எழுந்து பாத்ரூமுக்குப் போகக் கூடாது. போக வேண்டியவர்கள் இப்போதே போய்விட்டு வந்துவிடுங்கள், கதை முடிந்த பிறகு தனியாகப் போக மாட்டீர்கள். விளக்கு எரியட்டும், பரவாயில்லை. இது என் நண்பனின் அண்ணிக்கு நடந்தது. நல்லவேளை, அவன் இன்று வரவில்லை. வந்திருந்தால் என்னை வாயைத் திறக்கவே விட்டிருக்க மாட்டான்.

இரவு ஏழரை மணி இருக்கும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. மூடிப்போன மில்லுக்குப் போகும் சாலை... இரண்டு பக்கமும் வெறும் பொட்டல். அண்ணி ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மில்லின் பழைய கிடங்கில் அடிபட்ட பறவைகளுக்கு ஒரு காப்பகம் நடந்தது. ஆந்தைக் கூண்டுகள் அண்ணியின் பொறுப்பு. ஆந்தைகள் விழிக்கும் நேரத்தில்தான் வேலை, ஆகவே வருஷம் முழுக்க இரவு ஷிப்ட்.

ஹெட்லைட் வெளிச்சத்தில் சாலை நடுவே ஏதோ வெள்ளையாகக் கிடந்தது. பிளாஸ்டிக் பை என்று நினைத்து ஒதுங்கப் பார்த்தார். பை... தலையைத் திருப்பியது.

வெள்ளை முகத்து ஆந்தை. பெட்டை. லாரி ஏதோ அடித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. இடுப்புக்குக் கீழே அசைவே இல்லை. வேறு யாராக இருந்தாலும் முதலில் அதன் முகத்தைத்தான் பார்த்திருப்பார்கள். அண்ணி அதன் வலது இறக்கையை விரித்துப் பார்த்தார்.

காரணம், துரை. காப்பகத்திலிருந்த ஆண் ஆந்தை, இதே இனம். அது நடக்கிற தோரணையைப் பார்த்து அண்ணி வைத்த பெயர். யாரோ ஒரு புண்ணியவான் அதைச் சங்கிலி போட்டு வீட்டில் வைத்திருந்து, பறந்துவிடாமல் இருக்க வலது இறக்கையின் நீளமான ஆறு இறகுகளைக் கத்தரித்துவிட்டிருந்தான். வெட்டிய இறகு நம் தலைமுடி மாதிரி வளராது. மிச்சக் குச்சி தானாக உதிர்ந்த பிறகுதான் புதிது முளைக்கும், ஆந்தைக்கு அதற்கு ஒரு வருஷத்துக்கு மேல்கூட ஆகும். அவ்வளவு நாள் காப்பகத்து டாக்டர் கொடுப்பதாக இல்லை. "இடமே இல்லைம்மா. மழைக்காலம் முடியறதுக்குள்ள பறக்கலைன்னா ஊசி போட்டு முடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டார். அண்ணிக்கு துரை என்றால் உயிர். புருஷன் காய்ச்சலில் படுத்தால்கூட மாத்திரை இருக்கும் இடத்தைக் கையால் காட்டிவிட்டு துரையைப் பார்க்கக் கிளம்பிவிடுவார் என்று நண்பன் கிண்டல் செய்வான்.

ஒரே ஒரு வழி இருந்தது. அதே இன ஆந்தை ஒன்று செத்தால், அதன் வலது இறக்கையிலிருந்து அதே ஆறு இறகுகளை வெட்டியெடுத்து ஒட்டலாம். இறகுக் குச்சி உள்ளே பொள்ளல். மெல்லிய மூங்கில் ஊசியைப் பசையில் தோய்த்துப் பாதியை இதிலும் பாதியை அதிலும் செருகினால் பிடித்துக்கொள்ளும்.

சாலையில் கிடந்த பெட்டையின் ஆறு இறகுகளிலும் ஒரு கீறல் இல்லை.

காப்பகத்துக்குக் கொண்டுவந்ததும் டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "முதுகெலும்பு போயிடுச்சு. விடியறதுக்குள்ள முடிஞ்சிடும். வலிக்கு மருந்து குடுத்திருக்கேன். செத்தப்புறம் இறகை எடுத்துக்கங்க." சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் தெரிந்தால்தான் மீதி புரியும். ஆந்தைக்குக் குளியல் என்றால் கொள்ளை ஆசை. ஆனால் ஆள் பார்க்கக் குளிக்காது. நனைந்தால் பறக்க முடியாது என்று அதற்குத் தெரியும். எல்லோரும் போன பிறகு தட்டில் இறங்கி நிற்கும். முகத்தை முக்கும். இறக்கையால் அடிக்கும்... சளப்... சளப்... அப்புறம் கிளையில் ஏறி, மழையில் மாட்டிக்கொண்ட குடை மாதிரி இறக்கையைத் தொங்கப்போட்டு உலர்த்தும். வாலடியில் ஊறும் எண்ணெயை அலகால் தொட்டு, ஒவ்வொரு இறகாக வாய்க்குள் விட்டு உருவும். பிரிந்து கிடக்கும் இழைகள் ஜிப் போட்ட மாதிரி ஒன்றுசேரும். சேற்றோடும் அழுக்கோடும் இருக்க ஆந்தையால் முடியாது.

அந்தப் பெட்டையாலும் முடியவில்லை. உடம்பெல்லாம் சாலைச் சேறு, டீசல் வாடை. அறை மூலையில் ஒரு தட்டுத் தண்ணீர் இருந்தது. செத்த காலை இழுத்துக்கொண்டு, நெஞ்சால் தவழ்ந்து... அது தட்டை நோக்கி வந்தது. விளிம்பில் அலகை வைத்தது.

அண்ணி தட்டை எடுத்துவிட்டார்.

நனைந்தால் துடிக்கும். துடித்தால் இறகு ஒடியும். ஈர இறகில் பசை பிடிக்காது. இதையெல்லாம் யோசிக்க அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. தண்ணீரை வெளியே கொட்டிவிட்டு வந்தார். தட்டு இருந்த இடத்தில் தரையில் வட்டமாக ஈரம் மட்டும் மிச்சம். பெட்டை அந்த ஈரத்தில் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அண்ணி ஒரு துணியை எடுத்துவந்து அதையும் துடைத்தார்.

வாசலில் வாட்ச்மேன் நின்றிருந்தார். எந்நேரமும் தூங்கி வழிவதால் எல்லோருக்கும் அவர் 'கொட்டாவி'. அன்றைக்கு அவர் கொட்டாவி விடவில்லை.

"தண்ணிதானேம்மா கேக்குது?"

"நீங்க போய் கேட்டைப் பாருங்கண்ணே."

விடிவதற்கு முன்னால் பெட்டை செத்தது. உடம்பு ஆறுவதற்குள் அண்ணி ஆறு இறகுகளையும் வெட்டியெடுத்துவிட்டார். அன்றே ஒட்டும் வேலையும் முடிந்தது. டாக்டரே பாராட்டினார். எது ஒட்டு, எது சொந்தம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் துரையின் வலது இறக்கை ஈரமாக இருந்தது.

'குளிச்சிருக்கான்' என்று அண்ணிக்கு ஒரே சந்தோஷம். தூக்கிப் பார்த்தார். முதுகு உலர்ந்திருந்தது. வயிறும் உலர்ந்திருந்தது. ஒட்டிய ஆறு இறகுகள் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. ஐஸ் மாதிரி குளிர்ச்சி வேறு.

அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும்.

அண்ணி ஒளிந்திருந்து கவனித்தார். துரை இறகு கோதும். கழுத்து, நெஞ்சு, இடது இறக்கை எல்லாம் முடித்துவிட்டு வலது பக்கம் வரும். அந்த ஆறுக்குப் பக்கத்தில் வந்ததும் நிறுத்திவிடும். தன் இறக்கையைத் தானே பார்த்துவிட்டு, கிளையின் மறுகோடிக்கு நகரும்... கூட யாரோ உட்கார்ந்திருப்பது போல. ஒரு நாள்கூட அவற்றை அலகால் தொட்டதில்லை. ஆனால் பொழுது விடிந்தால் அவைதான் கூண்டிலேயே சுத்தமான இறகுகள். ஈரம் சொட்டும், ஆனால் ஓர் இழை பிரிந்திருக்காது. எண்ணெய் பளபளக்கும்.

நனைந்த இறக்கை கனத்தது. துரை பறக்கப் பார்த்து, வலது பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து விழுந்தது. மழைக்காலமோ முடியப்போகிறது. அண்ணி என்ன செய்தார் தெரியுமா? துரையின் தட்டையும் எடுத்துவிட்டார்.

குளிக்க வழியில்லாமல் துரை பரட்டையாகிப் போனது. உடம்பெல்லாம் தூசி, பேன். ஆறு இறகுகள் மட்டும் தினமும் நனைந்தன. இப்போது சத்தமும் கேட்க ஆரம்பித்தது. சொட்டுத் தண்ணீர் இல்லாத கூண்டுக்குள்ளிருந்து... சளப்... சளப்... கூடவே சேறும் டீசலும் கலந்த வாடை.

பறக்கவிட்டுப் பார்க்க டாக்டர் நாள் குறித்துவிட்டார். அதற்கு முந்தைய இரவு கொட்டாவி வந்து நின்றார்.

"அந்தத் தட்டை வச்சிடுங்கம்மா."

"எந்தத் தட்டு?"

"நீங்க எடுத்தீங்களே, அதான். அது செத்த எடத்துல ஒரு ராத்திரி வச்சுப் பாருங்க. என்ன கெட்டுப்போவுது?"

அண்ணிக்கும் மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்தது. குழாய் வரைக்கும் போனார். தட்டைக் கழுவினார். பிறகு துரையை நினைத்துக்கொண்டார். நாளைக்குப் பறக்காவிட்டால் ஊசி. "இன்னிக்கு எதையும் கிளற வேணாம்ணே. நாளைக்கு அவன் போகட்டும், அப்புறம் வைக்கிறேன்" என்று தட்டைக் கவிழ்த்துவிட்டார்.

மறுநாள் காலையில் ஆறு இறகுகளும் உலர்ந்திருந்தன.

அண்ணி அழுதேவிட்டார். மாலையில் அண்ணியும் டாக்டரும் கொட்டாவியும் மில்லின் பின்பக்கத்துக்கு துரையைக் கொண்டுபோனார்கள். பெரிய காலியிடம், தள்ளி ஒரு பழைய சிமெண்டுத் தொட்டி. அண்ணி இரண்டு கையாலும் துரையை மேலே வீசினார். பறந்தது! சத்தமே இல்லாமல், வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி, சாயாமல் ஒரு பெரிய வட்டம். டாக்டர் கைதட்டினார்.

துரை தொட்டியின் விளிம்பில் போய் உட்கார்ந்தது. உள்ளே குனிந்து பார்த்தது. பிறகு, குளிக்க இறங்குமே... அப்படி நிதானமாக ஒரு காலை எடுத்து வைத்து உள்ளே இறங்கியது.

சளப்.

மூன்று பேருக்கும் கேட்டது.

அண்ணி ஓடிப்போய் தொட்டியின் ஏணியில் ஏறி உள்ளே டார்ச் அடித்தார். தொட்டியில் தண்ணீர் இல்லை. மில் மூடிய நாளிலிருந்தே இல்லை. உள்ளே இறங்கியபோது சருகுகள் காலடியில் நொறுங்கின. நடுவில் துரை குப்புறக் கிடந்தது. தொப்பலாக நனைந்திருந்தது. தூக்கியதும் அலகிலிருந்து தண்ணீர் கொட்டியது... கொட்டிக்கொண்டே இருந்தது. நுரையீரல் முழுக்கத் தண்ணீர், மூழ்கித்தான் செத்திருக்கிறது என்று டாக்டர் அப்புறம் அறுத்துப் பார்த்துச் சொன்னார்.

அதற்கு முன்னால், அந்தத் தொட்டிக்குள்ளேயே, அண்ணி துரையின் வலது இறக்கையை விரித்துப் பார்த்தார்.

ஆறு இறகுகளும் உலர்ந்திருந்தன. தொட்டபோது... சூடாக இருந்தன.